அடிக்கடி தலைவலியா? மாத்திரைக்கு முன் இதைப் பாருங்கள்

1. வலி வந்த நாள், நேரம், முன்பு சாப்பிட்டது, தூங்கியது எல்லாவற்றையும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

2. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். வெறும் வயிறும் நீர் வற்றுவதும் பலருக்கு வலியைக் கிளப்பும்.

3. காபியைத் திடீரென நிறுத்தாதீர்கள். தினமும் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு நாளைக்குள் தலை வலிக்கத் தொடங்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

4. கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 40 வயதை ஒட்டிக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். கண்ணை இடுக்கிப் படித்தால் நெற்றி வலிக்கும்.

5. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். பலரும் கவனிக்காத காரணம் இதுதான். பாராசிட்டமால் போன்றவற்றை மாதம் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். காஃபின் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். தயவுசெய்து மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

6. தைலம் தடவலாம். இதமாக இருக்கும், காரணத்தைத் தீர்க்காது.

50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இடி விழுந்தாற்போல் திடீர்க் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.