விலைச் சீட்டின் சங்கேதம்

செனாவாங்கில் துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவருக்கு நேர்ந்த சிறு சங்கடத்திலிருந்து இப்பாடத்தைத் தொடங்குகிறோம். பெயர் வேண்டாம். அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டு சொன்ன செய்திதான் இது.

அவர் கடையில் தொங்கும் ஒவ்வோர் உடுப்பிலும் இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்றில் விற்பனை விலை. மற்றதில் நான்கு எழுத்துகள். அது அடக்க விலை. பேரம் பேசுகிறவரிடம் எதுவரை இறங்கலாம் என்று கடைப் பையன்கள் அறிந்துகொள்வதற்காக இந்த ஏற்பாடு. பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஒரு வாசகத்தை எடுத்து, முதல் எழுத்துக்கு 1, இரண்டாம் எழுத்துக்கு 2 என்று வைத்து, கடைசி எழுத்தைச் சைபராக்குவது நம் வணிகர்கள் பலர் கையாண்ட பழைய முறையே. இந்தச் சகோதரரின் அத்தா அந்நாளில் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த நினைவிலே அவர் அமைத்துக்கொண்ட வாசகம், 'கூலி வராது மழை நாளிலே'. எண்ணிப் பாருங்கள், பத்தும் வெவ்வேறு எழுத்துகள். (அதை இப்போது அவர் கைவிட்டுவிட்டபடியால் இங்கே அச்சிடுவதில் குற்றமில்லை.) அவ்வண்ணம் 18 வெள்ளி 90 காசு என்பது 'கூநாளிலே' ஆகும்.

ஒரு நாள் ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவன் ஒருவன் தாயாருடன் சட்டை எடுக்க வந்தான். விலை 24 வெள்ளி. தாயார் பேரம் பேசிக்கொண்டிருக்க, பையன் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்கள் அடக்கம் 18 வெள்ளி 90 காசுதானே?" என்று கேட்டானாம். நம் சகோதரருக்குப் பேச்சு எழவில்லை.

அவன் செய்தது மந்திரமன்று. வரும்போதெல்லாம் சீட்டுகளைக் கவனித்திருக்கிறான். கடைசி எழுத்தாகப் பெரும்பாலும் 'லே' வருகிறது. சில சீட்டுகளில் 'து' வருகிறது. வேறெதுவும் அநேகமாக இல்லை. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் ரொக்க வியாபாரத்தில் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோம். மொத்த வியாபாரிகளும் 0, 5 என்றே விலையை முடிக்கிறார்கள். ஆகவே 'லே' சைபர், 'து' ஐந்து. அடுத்து, 25 வெள்ளிக்குக் குறைந்த உடுப்புகள் 'கூ' என்று தொடங்கின. 30, 35 வெள்ளி உடுப்புகள் 'லி' என்று தொடங்கின. ஆகவே 1 'கூ', 2 'லி'. இரண்டையும் சேர்த்தால் 'கூலி'! ஐந்தாம் இடத்தில் 'து', பத்தாம் இடத்தில் 'லே'. எஞ்சிய இடங்களை நிரப்ப, தோட்டத்துப் பாட்டி ஒருத்தியின் பேரனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இந்தப் பையனுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, சங்கேத எழுத்துகளைப் பிரித்து வாசிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பிரதி இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் இருந்து கடந்த நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் வழி எளியது. ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று முதலில் எண்ணிக்கொள், பிறகு சங்கேதத் தாளில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணு, இரண்டையும் பொருத்து. எழுத்துக்கு எழுத்து மாற்றும் சங்கேதங்கள் எல்லாம் இந்த எண்ணிக்கையின் முன் நிற்க மாட்டா. எழுத்தின் உடை மாறினாலும் அதன் நடை மாறுவதில்லை அல்லவா? நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களைக் கண்டு, அவை இரகசிய லிபி என்று நினைத்தவர்கள் உண்டு. அது தவறு. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து எழுத்து அமைத்துக்கொண்டார்களேயன்றி, அவர்கள் எதையும் மறைக்கவில்லை. தமிழ் அங்கே தமிழாகவே இருந்தது.

இடையில் ஒரு சொல்லாராய்ச்சி. சைபர் என்று நம் பெரியவர்கள் சொல்வது அரபு 'சிஃப்ர்' என்பதன் வழி வந்தது. மலாய்க்காரர் 'சிஃபார்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் சங்கேதத்துக்குரிய சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆனால் பத்திரிகைகளில் வரும் 'சைபர் குற்றம்' என்பதிலுள்ள சைபர் வேறு. அது மாலுமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

நிற்க. எண்ணிப் பார்ப்பவனுக்குப் பிடி கொடுக்காத சங்கேதம் எப்படி அமைப்பது? அதற்கு விஞ்ஞானிகள் முயன்ற வழிகளில் ஒன்று செல்லுலர் ஆட்டோமேட்டா என்பது. 1940களின் பிற்பகுதியில் ஃபான் நியூமன், உலாம் என்ற கணித மேதைகள் தொடங்கிய ஆராய்ச்சி இது. பெயர்தான் பெரிது, விஷயத்தைத் தோட்டத்து லயத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

இரு பக்கமும் முடிவின்றி நீளும் லயம் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு. இன்றிரவு விளக்கேற்றுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீடும், நேற்றிரவு தன் வாசலும் இரு அண்டை வாசல்களும் இருந்த நிலையைக் கொண்டே முடிவு செய்கிறது. விதி இதுதான்: 'இடப்பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததா?' என்பது ஒரு கேள்வி. 'என் வீட்டிலோ வலப்பக்கத்து வீட்டிலோ எரிந்ததா?' என்பது மற்றொரு கேள்வி. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஆம் என்று பதில் வந்தால் ஏற்று. இரண்டுக்கும் ஆம் என்றாலும், இரண்டுக்கும் இல்லை என்றாலும் ஏற்றாதே.

முதல் இரவு நடுவீட்டில் மட்டும் விளக்கு. எரிவதை 1 என்றும் எரியாததை 0 என்றும் எழுதினால், இரண்டாம் இரவு 111 என்று மூன்று வீடுகளில் எரியும். மூன்றாம் இரவு 11001. நான்காம் இரவு 1101111. இப்படியே போகப் போக இடப்பக்கம் ஓர் ஒழுங்கு தெரிகிறது; வலப்பக்கமும் நடுவும் தாறுமாறாகின்றன. நடுவீட்டு விளக்கை மட்டும் இரவுக்கிரவு குறித்துவந்தால் 1, 1, 0, 1, 1, 1, 0, 0 என்று போகும். இவ்வளவு சிறிய விதியிலிருந்து இத்தனை குழப்பமா என்று வியக்கத் தோன்றும். ஸ்டீவன் வொல்ஃப்ராம் என்பவர் 1983இல் எடுத்துக்காட்டிய இவ்விதிக்கு 'விதி 30' என்று பெயர்.

1985இல் அவரே இதைச் சங்கேதத்துக்குப் பயன்படுத்தலாம் என்றார். முதல் இரவு எந்தெந்த வீட்டில் விளக்கு என்பது நானும் நீங்களும் மட்டும் அறிந்த திறவுகோல். நடுவீட்டில் பிறக்கும் 1, 0 வரிசையை நம் செய்தியின் மேல் கலந்து அனுப்பினால், அதே வரிசையை அங்கே நீங்கள் உண்டாக்கி, கலந்ததை நீக்கி வாசிக்கலாம். வழியில் பிடித்தவனுக்குக் குப்பைதான் கிடைக்கும்.

கிடைத்ததா என்றால், இல்லை. 1991இல் மையர், ஷ்டாஃபல்பாக் என்ற இருவர் அதை உடைத்துக் காட்டினார்கள். சாதாரண மேசைக் கணினியே போதுமானதாக இருந்தது. எங்கே பிடி கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். செய்தியின் ஒரு பகுதி வெளியே தெரிந்துவிட்டால் நடுவீட்டு வரிசை தெரிந்துவிடும். அத்துடன் வலப்பக்கத்து வீட்டு வரிசையையும் ஊகித்துவிட்டால், விதியைத் திருப்பிப் போட்டு இடப்பக்கத்து வீட்டின் விளக்கைக் கணக்கிட்டுவிடலாம். அங்கிருந்து அதற்கும் இடப்பக்கம். மேலும், நடுவீட்டில் விளக்கு எரிந்த இரவுகளில் வலப்பக்கத்து வீட்டை ஊகிக்கவே வேண்டியதில்லை. இரண்டாம் கேள்விக்கு ஏற்கெனவே ஆம் என்று பதில் வந்துவிட்டதே! கண்ணுக்குக் குழப்பமாகத் தோன்றியது கணக்குக்குக் குழப்பமாக இல்லை.

எனினும் அந்த எண்ணம் வீண்போகவில்லை. அண்டை வீட்டைப் பார்த்து மாறும் இத்தகைய விதி ஒன்றை, வேறு பல கலக்கல்களோடு சேர்த்து 24 சுற்று ஓடவிடும் 'கெச்சாக்' என்ற முறை, 2012இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் போட்டியில் வென்று 2015இல் தரமாக வெளிவந்தது. கோப்புகளுக்குக் கைரேகை போன்ற முத்திரை எடுப்பது அதன் வேலை. அதை உருவாக்கியவர்களில் ஒருவர், வங்கிகள் முதலியன உபயோகிக்கும் ஏஇஎஸ் சங்கேதத்தை அமைத்த இருவரில் ஒருவரான ஜோன் டாமன்.

சிறு விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பெரிய உருவம் காண்பது தமிழருக்குப் புதிதன்று. வாசல் கோலம் வேறென்ன? தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல், கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கண விதிகளைக் கணினி ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இது லயத்து விளக்கே அன்று. ஆனால் சகோதர முறை. எழுத்துச் சரங்களை விதிப்படி மாற்றும் அந்த ஆராய்ச்சியிலேயே ஊன்றிய ராணி அம்மையார், 1990இல் லிஸா மேத்யூ என்பவருடன் சேர்ந்து, பூட்டும் சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துத் திறக்கும் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வகைச் சங்கேதம் ஒன்றை முன்வைத்தார். 2019இல் அவர் காலமானார். கோலப் புள்ளியிலிருந்து இரகசியச் சாவி வரை நடந்தவரை நம்மவர் அதிகம் அறியாதது வருத்தமே.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். சங்கேதக்காரன் ஒழுங்கை அழிக்க முயல்கிறான். உணர்கருவி செய்பவனோ இரைச்சலுக்குள் ஒழுங்கைத் தேடுகிறான். செனாவாங் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற ஆலைகளில் ஒரு யந்திரத்தின் உருளைத் தாங்கி தேயத் தொடங்கினால், அதன் அதிர்வில் இடையிடையே சிறு தட்டல் விழும். அந்தத் தட்டல் எப்போது விழுந்தது என்று பிடிக்க உதவும் கணக்கே வேவ்லெட், அதாவது சிற்றலை. இதற்குக் கல்லாப்பெட்டிக் கணக்கே போதும்.

எட்டு நாள் விற்பனை 300, 320, 310, 330, 305, 315, 640, 320 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் நாள் சம்பள நாள். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 310, 320, 310, 480. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தில் பாதி 10, 10, 5, 160. சராசரிகளை மறுபடி ஜோடி சேர்த்தால் 315, 395; பாதி வித்தியாசம் 5, 85. இன்னொரு முறை செய்தால் 355, வித்தியாசம் 40. இப்போது கையில் இருப்பவை ஒரு மொத்தச் சராசரியும் ஏழு வித்தியாசங்களும். எது கூடுதல், எது குறைவு என்ற குறியையும் வைத்துக்கொண்டால் பழைய எட்டு எண்களையும் பிசகில்லாமல் திரும்பப் பெறலாம். 160 என்ற எண்ணைப் பார்த்த மாத்திரத்தில், நான்காம் ஜோடியில் ஏதோ நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. 5, 10 போன்ற சிறு எண்களை விட்டுவிட்டாலும் கணக்கின் உருவம் கெடுவதில்லை. இந்த எளிய வடிவை 1910இல் ஹார் என்ற ஹங்கேரியர் தந்தார். 1980களில் எண்ணெய் தேடும் பூகம்ப ஆராய்ச்சியில் மோர்லே என்ற பிரெஞ்சுக்காரரும், 1988இல் இங்ரிட் டோபஷீ அம்மையாரும் வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்கக் காவல் துறை 1993 முதல் கைரேகைப் படங்களைச் சுருக்கி வைத்தது இம்முறையில்தான்.

இவ்விரண்டையும் இணைத்துப் படங்களையும் கணக்குகளையும் மறைக்கலாம் என்று ஆராய்ச்சிகள் வருகின்றன: சிற்றலையால் பிரித்து, சராசரிப் பகுதியை மட்டும் செல்லுலர் விதியால் கலக்கினால் வேலை சீக்கிரம் முடியுமாம். வணிகன் இங்கே நின்று யோசிக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் 355 என்பதை மட்டும் பூட்டி வைத்து, வித்தியாசங்களைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மொத்தத் தொகை தெரியாது; ஆனால் என்றைக்குச் சம்பள நாள், அன்று விற்பனை எவ்வளவு எகிறியது என்பது போட்டிக் கடைக்காரருக்கு அப்படியே தெரியும். படமானால் முகத்தின் ஓரக்கோடுகள் தெரியும். பாதி மறைத்த பேரேடு, மறைக்காத பேரேடே.

நம் சங்கத்தாரில் பலர் கொள்முதல் கணக்கைக் கைப்பேசிச் செயலிகளுக்கு மாற்றிவருகிறார்கள். விற்க வருகிறவர், "எங்கள் சங்கேத முறை எவருக்கும் தெரியாத இரகசியம்" என்று பெருமை பேசினால், அதையே குறையாகக் கொள்ளுங்கள். முறை பகைவன் கையில் கிடைத்தாலும் கேடு வரக்கூடாது, திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருக்கவேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883லேயே எழுதிவைத்தார். ஏஇஎஸ் முறை உலகறிய அச்சிடப்பட்டது. 2001இல் தரமானதிலிருந்து இத்தனை பேர் முட்டிப் பார்த்தும் அது நிற்கிறது. விதி 30 ஆறே ஆண்டில் விழுந்ததும் அது வெளிப்படையாக இருந்ததனால்தான். ஒளித்து வைத்திருந்தால் விழுந்தது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கல்லாவின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் கண்டு, அது பெரிய சங்கேதம் என்று எண்ணும் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் டென்சோ கம்பெனியார் 1994இல் வாகன உதிரிப் பாகங்களைக் குறிக்க ஏற்படுத்திய எழுத்து முறை அது; எந்தக் கைப்பேசியும் வாசிக்கும். நம் அரபுத் தமிழைப் போல் வேறு உடை, அவ்வளவே. காவல் வங்கிப் பக்கத்தில் இருக்கிறது, அட்டையில் இல்லை. ஆகவே அதன் மேல் வேறொருவர் தம் கணக்கின் அட்டையை ஒட்டிவிட்டுப் போனால் கட்டங்களைப் பார்த்து நம்மால் கண்டுபிடிக்க முடியாது. காலையில் கடை திறந்ததும் ஒரு வெள்ளி அனுப்பிப் பார்த்து, வருகிற பெயர் நம் பெயர்தானா என்று கண்டுகொள்வதே வழி.

துணிக்கடைச் சகோதரர் இப்போது அடக்க விலையைச் சீட்டில் எழுதுவதில்லை. சரக்கு எண் மட்டும் எழுதுகிறார். விலை கல்லாவிலுள்ள ஏட்டில் இருக்கிறது. அந்த மாணவனுக்குச் சட்டையை 20 வெள்ளிக்கே கொடுத்தாராம். பள்ளி விடுமுறையில் கணக்கெழுத வருகிறாயா என்றும் கேட்டிருக்கிறார்; தாயாருக்குச் சம்மதம்.

லயத்து விளக்கின் ஐந்தாம் இரவை, சதுரக் கட்டத் தாளில் வீட்டுப் பிள்ளைகளோடு வரைந்து பாருங்கள். ஒன்பது வீடுகளில் நான்கில் விளக்கு எரிந்தால் உங்கள் கணக்குச் சரி.