தெரிந்த பாடத்தில் தெரியாத பொருள்

சீவக சிந்தாமணிப் பாடத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவள் யான். "திருத்தக்க தேவர் இயற்றியது, 13 இலம்பகங்கள் உடையது, மணநூல் என்னும் மறுபெயர் பெற்றது" என்று நூலைப் பாராமலே சொல்லுவேன். மாணவியரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுவர்.

ஒருநாள் பயிற்சி மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, சீவகன் மணந்த மகளிர் எண்மர். மணநூலில் இலம்பகம் மட்டும் ஏன் பதின்மூன்று?" என்று வினவினாள். "தேர்வுக்கு வேண்டியதைக் கேள்" என்று கூறி அவளை அமரச் செய்தேன். உண்மையில் எனக்கு விடை தெரியவில்லை. அதனை ஒப்புக்கொள்ள நாணினேன்.

அன்றிரவு நூலைப் புதிதாய்ப் படிப்பவள்போல் பிரித்தேன். முதலாவதான நாமகள் இலம்பகம், சீவகன் கல்வி பெற்றதைக் கூறுவது. மண்மகள் இலம்பகம், தந்தை இழந்த நாட்டை அவன் மீட்டதைக் கூறுவது. பூமகள் இலம்பகம், அரசத் திருவை எய்தியதைக் கூறுவது. இறுதியான முத்தி இலம்பகம், துறந்து வீடுபெற்றதைக் கூறுவது. இந்நான்கு பேறுகளையும் மணமாகவே கருதுவது மரபு. எட்டும் நான்கும் பன்னிரண்டு. எஞ்சியது கோவிந்தையார் இலம்பகம். ஆனிரையை மீட்டமைக்காக நந்தகோன் தன் மகளைத் தர முன்வந்தபோது, சீவகன் அவளைத் தோழன் பதுமுகனுக்கு மணமுடித்து வைத்தான். கணக்கு நேராயிற்று.

கல்வியில் தொடங்கி வீட்டில் முடியும் அவ்வரிசை என் கண்முன்னேதான் இருந்தது. தெரியும் என்ற எண்ணமே அதனை மறைத்தது. மறுநாள் வகுப்பில், "விடை தெரியாமையால்தான் நேற்று உன்னை அமரச் சொன்னேன்" என்று அம்மாணவியிடம் கூறினேன். பின்னர் அனைவரும் சேர்ந்து எண்ணிப் பார்த்தோம்.

இந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் இத்தகைய வினாவால் விழிப்புற்றவரே. 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசுவாமி முதலியார் வினவியபோது, இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் சமயச் சொற்களின் பொருளை அந்நகரச் சமணக் குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டு அறிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. கல்லூரியில் ஆசிரியராய் விளங்கியவர், நம் முன்னோர் இல்லங்களில் மாணவரானார்.

அன்று கற்பித்த குடும்பங்களின் வழிவந்த நாம், "நமக்குத் தெரிந்த நூல்தானே" என்று மூடி வைத்தல் தகுமோ?

இல்லத்தில் செய்தற்குரிய பயிற்சி:

1. பதின்மூன்று இலம்பகப் பெயர்களையும் பிள்ளைகளோடு வரிசையாக எழுதுக.

2. ஒவ்வொன்றிலும் சீவகன் பெற்றது யாது என்று அவர்களையே சொல்லச் செய்க.

3. அவர்கள் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிடின், "தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று கூறுக.