தசை வளர்ச்சிக்குப் புரதக் கூட்டு: சோயாவும் நம் உணவுத் தட்டும்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பர் நம் முன்னோர். அந்தச் சுவரை எழுப்பும் செங்கற்களைப் பற்றியதே இக்கட்டுரை. பல்கலைக்கழக மாணவரிடையே உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. பளு தூக்கி உடலை உறுதியாக்க விரும்புவது நல்ல போக்கே. ஆனால், அதனுடன் இரண்டு கவலைகளும் சேர்ந்து வருகின்றன. முதலாவது, விலையுயர்ந்த புரதமாவு வாங்கினால்தான் தசை வளரும் என்னும் எண்ணம். கல்விக் கடனில் மாதத்தை ஓட்டும் மாணவர் சிலர், உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டு மாவு டப்பாவை வாங்குகின்றனர். இரண்டாவது, சைவ உணவு உண்போருக்குத் தசை வளராது என்னும் அச்சம். புரட்டாசி மாதத்திலும் தைப்பூச விரதக் காலத்திலும் இறைச்சியை விடும் மாணவர், பல மாத உழைப்பு வீணாகிவிடுமோ என்று கலங்குகின்றனர்.

இவ்விரு கவலைகளுக்கும் விடை ஒன்றே. பல வகைப் புரதங்களை முறையாகச் சேர்த்து உண்ணத் தெரிந்தால் போதும். அக்கூட்டில் சோயாவிற்குச் சிறப்பான ஓர் இடம் உண்டு. அது எவ்வாறு என்பதை இங்குப் படிப்படியாகக் காண்போம்.

புரதமும் தசையும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் சங்கிலிபோல் கோத்து அமைந்த பொருளாகும். நம் உடல் புரதங்களை ஆக்க 20 வகை அமினோ அமிலங்கள் பயன்படுகின்றன. அவற்றுள் 9 வகைகளை உடலால் தானே உருவாக்க இயலாது. உணவின் வழியாகவே பெற வேண்டும். இவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்கிறோம். லியூசின், லைசின், மெத்தியோனின் ஆகிய மூன்றும் இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரும்.

நம் தசை ஒரு முறை கட்டி முடித்த கட்டடம் அன்று. தசைப் புரதத்தில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு நாள்தோறும் சிதைந்து, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. உருவாவது சிதைவதைவிட மிகுந்தால் தசை வளரும், குறைந்தால் தேயும். பளு தூக்கும் பயிற்சி உருவாக்கத்தைத் தூண்டுகிறது. பயிற்சிக்குப் பின் ஒரு நாள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், தசை புரதத்தை நன்கு ஏற்கும் நிலையில் இருக்கும். ஆகவே, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் புரதமாவைக் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பது மிகைக் கூற்று.

இங்கு லியூசினின் பணி தனித்தன்மை வாய்ந்தது. மற்ற அமினோ அமிலங்கள் செங்கற்கள் என்றால், லியூசின் வேலையைத் தொடங்கச் சொல்லும் மேற்பார்வையாளரும் ஆகும். இரத்தத்தில் லியூசின் உயரும்போதுதான் தசை அணுக்களில் புரத உருவாக்கம் முடுக்கிவிடப்படுகிறது. ஆயினும் மேற்பார்வையாளர் மட்டும் வந்து செங்கல் வராவிட்டால் சுவர் எழாது. எனவே, ஒன்பதும் தேவை.

ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்

எல்லாப் புரதங்களிலும் இந்த ஒன்பதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் லைசின் குறைவு. பருப்பு, கடலை, பயறு வகைகளில் லைசின் நிறைவு. ஆனால், மெத்தியோனின் முதலிய கந்தகம் சார்ந்த அமினோ அமிலங்கள் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உண்ணும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் 45 மில்லிகிராம் லைசின் இருப்பது வயது வந்தோர்க்குப் போதுமானது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையின் அளவுகோல். 200 கிராம் சோற்றில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் கிராமுக்குச் சுமார் 37 மில்லிகிராம் லைசின் எனக் கொண்டால், கிடைப்பது 185 மில்லிகிராம். ஆனால், தேவையோ 225. இப்போது அதனுடன் 5 கிராம் புரதம் தரும் அளவுக்குப் பருப்பைச் சேர்ப்போம். பருப்புப் புரதத்தில் கிராமுக்குச் சுமார் 65 மில்லிகிராம் வீதம் 325 கிடைக்கும். மொத்தம் 510 மில்லிகிராம். அதாவது, கிராமுக்கு 51. குறை தீர்ந்தது!

அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, தோசை. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல். சப்பாத்தியுடன் பருப்புக் கறி என நம் சமையல் இக்கூட்டை நெடுங்காலமாகவே கையாண்டு வந்துள்ளது. சிக்கல் கூட்டில் இல்லை, அளவில் இருக்கிறது. இன்று நம் தட்டில் சோறு மலைபோல் குவிந்திருக்க, பருப்போ தண்ணீராய் ஓடும் சாம்பாராக மட்டுமே இருக்கிறது.

ஒரே வேளையில் சேர்த்தே ஆக வேண்டுமா என்னும் ஐயமும் எழக்கூடும். 1971-இல் அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய நூல், தாவரப் புரதங்களை வேளைதோறும் கணக்கிட்டுச் சேர்க்கும் கருத்தைப் பரப்பியது. 1981-இல் வந்த பதிப்பில் அவரே அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். அமெரிக்க உணவியலாளர் சங்கமும் 1988-இல், ஒரு நாள் முழுவதும் பல வகை உணவை உண்டாலே போதும் என அறிவித்தது. உடல் அமினோ அமிலங்களைச் சில மணி நேரம் இருப்பில் வைத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே, காலையில் இட்லியும் மாலையில் சுண்டலும் உண்டாலும் கூட்டு அமைந்துவிடுகிறது.

சோயாவின் தனிச்சிறப்பு

பயறு வகையைச் சேர்ந்ததாயினும் சோயா அவரை தன் இனத்தாரினின்று வேறுபட்டது. அதில் ஒன்பது இன்றியமையா அமினோ அமிலங்களும் வயது வந்தோர்க்குப் போதுமான அளவில் உள்ளன. செரிமானத்தையும் கணக்கில் கொள்ளும் தர அளவீடுகளில், பிரித்தெடுத்த சோயா புரதம் முட்டை, பால் ஆகியவற்றுக்கு நெருக்கமாக நிற்கிறது. மெத்தியோனின் சற்றுக் குறைவே. சோற்றுடன் உண்ணும்போது அதுவும் நிரம்பிவிடும்.

பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நன்கு வேகவைத்தால் அவற்றின் ஆற்றல் பெருமளவு ஒழியும். சாவகத் தீவினர் கண்ட தெம்பே இன்னும் ஒரு படி மேலானது. வேகவைத்த சோயாவில் ஒரு வகைப் பூஞ்சையை வளரவிடுவதால் புரதம் ஓரளவு முன்னரே உடைந்துவிடுகிறது. இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை உடல் ஏற்பதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமும் குறைகிறது. பசார் மாலாமிலும் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும் இந்தத் தெம்பேயைத் 'தொட்டுக்கொள்ளும் பொரியல்' என்ற அளவில் ஒதுக்கிவிடுவது நமக்கே இழப்பு.

சோயாவும் பாலும்: ஆய்வுகள் கூறுவன

பாலில் இரு வகைப் புரதங்கள் உள்ளன. பால் திரியும்போது கட்டியாகத் திரள்வது கேசின். பிரியும் தெளிநீரில் நிற்பது 'வே' புரதம். பால் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின், 20 விழுக்காடு வே. வே விரைவில் செரித்து அமினோ அமிலங்களை உடனே உயர்த்தும். கேசின் வயிற்றில் கட்டியாகி மெல்ல மெல்லச் செரிக்கும். சோயா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. லியூசின் அளவில் வே முந்துகிறது. 25 கிராம் வே புரதத்தில் சுமார் 2.6 கிராமும், அதே அளவு சோயா புரதத்தில் ஏறக்குறைய 2 கிராமும் லியூசின் உண்டு.

மூன்றையும் கலந்தால் என்ன? டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். கால் பங்கு சோயா, கால் பங்கு வே, அரைப் பங்கு கேசின் சேர்ந்த கலவையைப் பயிற்சிக்குப் பின் இளையோர் பருகினர். தொடக்கத்தில் கலவையும் தனி வே புரதமும் தசைப் புரத உருவாக்கத்தை உயர்த்தின. பிந்திய மணி நேரங்களில் கலவை பருகியோரிடம் அவ்வுயர்வு தொடர்ந்து நீடித்தது.

ஆனால், அதே குழுவினர் 2016-இல் வெளியிட்ட 12 வார ஆய்வையும் சேர்த்தே படிக்க வேண்டும். 68 இளைஞர்கள் மூன்று குழுக்களாகப் பளு தூக்கினர். ஒரு குழுவிற்குக் கலவை, ஒன்றிற்கு வே, மற்றொன்றிற்குப் புரதமற்ற மாவுச்சத்து மட்டும். வலிமை வளர்ச்சியில் மூன்று குழுக்களும் ஏறக்குறைய சமமே. தசை வளர்ச்சியிலும் பெரிய வேறுபாடு இல்லை. சில மணி நேர அளவீட்டில் தெரியும் வெற்றி, சில மாத வளர்ச்சியில் அப்படியே வெளிப்படுவதில்லை என்பதை இதனால் உணரலாம். விளம்பரங்கள் முதல் வகை ஆய்வையே காட்டும்; நாம் இரண்டாம் வகையையும் தேட வேண்டும்.

சோயாவும் பாலும் தனித்தனியே மோதிய ஆய்வுகளில் முடிவுகள் மாறுபடுகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 56 இளைஞரைக் கொண்டு நடந்த 12 வார ஆய்வில் (2007), கொழுப்பு நீக்கிய பால் பருகியோர் சோயா பானம் பருகியோரைவிடக் கூடுதல் தசை பெற்றனர். மாறாக, பிரேசிலில் 2021-இல் வெளியான ஆய்வில், முழுத் தாவர உணவு உண்ட 19 பேரும் அசைவம் உண்ட 19 பேரும் 12 வாரம் பயிற்சி செய்தனர். முன்னவர்க்குச் சோயா, பின்னவர்க்கு வே எனச் சேர்த்து, இரு சாராரும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் பெறும்படி செய்யப்பட்டது. தசையிலும் வலிமையிலும் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை. மொத்தப் புரத அளவு நிறைந்துவிட்டால் அதன் மூலம் எது என்பது இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடுகிறது எனலாம்.

எவ்வளவு, எப்போது?

பொதுவாக ஒருவருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். தசை வளர்க்க விரும்புவோர்க்கு அது போதாது. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த பகுப்பாய்வு, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் தெரியவில்லை எனக் காட்டியது. 60 கிலோ எடையுள்ள மாணவர்க்கு இது நாளொன்றுக்கு 96 கிராம் ஆகும். இதனை மூன்று அல்லது நான்கு வேளைகளாக, வேளைக்கு 20 கிராம் முதல் 30 கிராம் வரை பிரித்துக்கொள்வது எளிது. ஒரு வேளை கூடிக் குறைந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை, மொத்தமே முதன்மை.

முட்டையும் இறைச்சியும் இன்றி இந்த 96 கிராமை எட்ட முடியுமா? கீழ்க்காணும் தோராயக் கணக்கைக் காண்க.

பசியாறை: இட்லி 3 (6 கிராம்), கெட்டியான சாம்பார் (4), ஒரு குவளை பால் (8) - 18 கிராம்.
மதிய உணவு: சோறு 200 கிராம் (5), கெட்டிப் பருப்பு (9), தெம்பே 100 கிராம் (19) - 33 கிராம்.
பயிற்சிக்குப் பின்: இனிப்புச் சேர்க்காத சோயா பால் ஒரு குவளை (7), வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி (7) - 14 கிராம்.
இரவு உணவு: சப்பாத்தி 3 (9), கொண்டைக்கடலைக் கறி 150 கிராம் (13) - 22 கிராம்.
உறங்குமுன்: ஒரு குவளை பால் - 8 கிராம்.

மொத்தம் 95 கிராம். மாவு டப்பா எதுவும் இதில் இல்லை. அசைவம் உண்போர், தெம்பேக்குப் பதிலாகக் கெம்போங் மீனையோ கோழியையோ சேர்க்கலாம். ஒரு முட்டை சுமார் 6 கிராம் தரும். பால் அருந்தாதோர் சோயா பாலையும் கெட்டித் தௌஃபூவையும் கூட்டிக்கொள்ளலாம். கடைகளில் விற்கும் சோயா பானங்கள் பலவற்றில் நீரும் சர்க்கரையும் மிகுதி என்பதால் பொட்டலத்திலுள்ள புரத அளவைப் படித்துப் பார்த்து வாங்குதல் நன்று. புரதமாவு தீங்கன்று, நேரமில்லாதோர்க்கு அது ஒரு வசதி. ஆனால், உணவைக் குறைத்துவிட்டு மாவை வாங்கினால், எரிசக்தி போதாமல் உடல் அப்புரதத்தையே எரித்துவிடும்.

ஐயங்கள் சில

சோயா உண்டால் ஆண்மை குறையுமா என்பது மாணவர் தயங்கிக் கேட்கும் கேள்வி. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன் பெண் இயக்குநீரைச் சற்று ஒத்த அமைப்புடையது என்பதால் எழுந்த அச்சம் இது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2010, 2021 ஆம் ஆண்டுகளின் பகுப்பாய்வுகள், சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைப்பதில்லை எனத் தெளிவுபடுத்தியுள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 3 லிட்டர் சோயா பால் பருகிய ஒருவர்க்குப் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ?

எனினும், சோயா ஒவ்வாமை உள்ளோர் அதனைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மருந்து உட்கொள்வோர், சோயா அம்மருந்தை உடல் ஏற்பதைக் குறைக்கக்கூடும் என்பதால் உண்ணும் நேரத்தை மருத்துவரிடம் கேட்டறிக. சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரின் அறிவுரையின்றிப் புரதத்தைக் கூட்டலாகாது. நீரிழிவும் சிறுநீரக நோயும் மிகுந்துள்ள நம் குடும்பங்களில் இஃது ஏட்டளவில் நிற்கும் எச்சரிக்கையன்று.

முடிவுரை

ஆகவே, தசை வளர்ச்சிக்கு முதற்காரணம் இடைவிடாத பயிற்சி. அடுத்தது போதுமான மொத்தப் புரதமும் எரிசக்தியும். அதற்கடுத்ததே எந்தப் புரதம் என்னும் கேள்வி. ஒரே மூலத்தை நம்பாமல் தானியம், பருப்பு, சோயா, பால், விரும்பினால் முட்டை, மீன், இறைச்சி எனக் கூட்டி உண்போர்க்கு எந்த அமினோ அமிலமும் குறையாது. விரதக் காலமும் தசைக்குப் பகையன்று. அடுத்த முறை விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கும்போது, ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் இரண்டு துண்டு தெம்பேயும் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பும் வையுங்கள். அதற்காகும் செலவு சிறிது, பயனோ பெரிது.