தேக்கடி ஏரியின் மீனவர்கள்

மீனவர் என்றதும் நம் பிள்ளைகள் கடலையே நினைக்கிறார்கள். மலைக்குள்ளும் மீனவர் உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய தேக்கடி ஏரியில் மீன் பிடிக்கும் மன்னான் பழங்குடி மக்களே அவர்கள்.

பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து வந்த அதன் நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் செழிக்க வைத்தது. அந்த நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவன் நான். அணைக்குப் பின்னால் சுமார் 26 சதுர கிலோமீட்டர் காடு மூழ்கியதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்கிறார்கள் மன்னான் மக்கள். அவர்கள் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானது. காட்டுக்குள் இருந்த அவர்களுடைய குடிகள் பின்னாளில் குமுளி அருகே மாற்றப்பட்டன. மூங்கில் தெப்பத்தில் சென்று வலை விரிப்பது அவர்கள் தொழில். கரையேறினால் யானை பயம். வெளியிலிருந்து வந்த திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருகியதால், அந்த ஆற்றுக்கே உரிய மீன்களுக்கு ஆபத்து. வலை வெறுமையாக வந்தால் அன்றைய அடுப்புக்குக் கடன்தான்.

விடுமுறையில் தேக்கடிக்குப் போனால், ஏரி நடுவே நிற்கும் பட்ட மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது காடாக இருந்தது என்று சொல்லுங்கள். தெப்பத்தில் வருபவரைக் கண்டால் வணக்கம் சொல்லவும் பழக்குங்கள். நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.