மீண்டும் எழுந்த தோட்டம்

ஒரு பொருள் முற்றிலும் அழிந்துபோகிறது. பின்னர் அதே இடத்தில், அதே வடிவில் அது மீண்டும் அமைக்கப்படுகிறது. இப்போது இருப்பது பழைய பொருளா, புதிய பொருளா? தத்துவம் பயில்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. ஜப்பானின் ஹிரோஷிமா நகரிலுள்ள ஷுக்கேயென் என்ற தோட்டத்திற்குச் செல்பவர்களுக்கோ இது ஏட்டுக் கேள்வியாக இருப்பதில்லை. அவர்கள் காலடி மண்ணே அதைக் கேட்கிறது.

சுருக்கிய இயற்கை

அசானோ நாகாகிரா என்ற பிரபு 1619-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே, 1620-இல், ஒரு தோட்டம் அமைக்கும் பணியைத் தம் தலைமை அதிகாரிகளுள் ஒருவரான உயேடா சோகோவிடம் ஒப்படைத்தார். சோகோ போர்க்களம் கண்ட வீரர். பின்னர் தலையை மழித்துத் துறவுக் கோலம் பூண்டவர். தேநீர்க் கலையில் ஆசானாக மதிக்கப்பட்டவர். ஜப்பானியத் தேநீர்க் கலை ஜென் பௌத்த மரபோடு நெருங்கிய தொடர்புடையது. ‘ஜென்’ என்ற சொல்லும் நமக்கு அன்னியமானதன்று. ‘தியானம்’ என்ற சொல்லே சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று.

‘ஷுக்கேயென்’ என்றால் ‘சுருக்கப்பட்ட இயற்கைக் காட்சிகளின் தோட்டம்’ என்று பொருள். நடுவில் ஒரு குளம். குளத்தில் சிறிதும் பெரிதுமாகப் பத்துக்கும் மேற்பட்ட தீவுகள். கரையோரம் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் தேநீர்க் குடில்களும். மலையும் கடலும் காடும் ஒரு சிறு நிலப்பரப்பில் அடங்கியிருக்கின்றன.

இத்தகைய தோட்டத்தை ஓரிடத்தில் நின்று முழுவதுமாகக் காண முடியாது. குளத்தைச் சுற்றிப் பாதை வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு திருப்பத்தில் மறைந்த பாலம் அடுத்த திருப்பத்தில் வேறொரு கோணத்தில் தோன்றுகிறது. நடப்பவனுக்கே தோட்டம் தன்னைக் காட்டுகிறது. அவசரக்காரனுக்கு அங்கே சில மரங்களும் கொஞ்சம் தண்ணீரும் மட்டுமே கிடைக்கும்.

ஆகஸ்டு 6, 1945

அசானோ குடும்பத்தினர் 1940-ஆம் ஆண்டு இத்தோட்டத்தை ஹிரோஷிமா மாநில அரசுக்கு வழங்கினர். ஐந்தே ஆண்டுகளில், 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை, நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டது. குண்டு வெடித்த மையத்திலிருந்து தோட்டம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. கட்டடங்கள் அழிந்தன, மரங்கள் முறிந்து எரிந்தன.

எனினும் அன்று மக்கள் அந்தத் தோட்டத்தை நோக்கியே ஓடினர். அருகே ஆறு இருந்தது. எஞ்சிய மரங்களின் நிழல் இருந்தது. உடல் வெந்து வந்தவர்களுள் பலர் அங்கேயே உயிர் நீத்தனர், அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டனர்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹெர்சி 1946-இல் வெளியிட்ட ‘ஹிரோஷிமா’ என்ற நூலில், அன்று அத்தோட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். கியோஷி தானிமோட்டோ என்ற கிறிஸ்தவப் போதகர், காயமுற்றவர்களை ஆற்றைக் கடத்திக் கொண்டு செல்லப் படகு தேடினார். கரையில் ஒரு படகு இருந்தது. அதைச் சுற்றி ஐந்து பேர் இறந்து கிடந்தனர். அவர் அந்த உடல்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினார். அப்போது, உயிரோடிருப்பவர்களுக்காக இப்படகை எடுத்துக்கொள்வதற்குத் தம்மை மன்னிக்குமாறு இறந்தவர்களிடம் வாய்விட்டு வேண்டினார். துடுப்பு இல்லை, ஒரு மூங்கிற்கழியால் படகைச் செலுத்தினார்.

இது அதே தோட்டமா?

தோட்டம் சீரமைக்கப்பட்டு 1951-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தேநீர்க் குடில்களும் பிற கட்டடங்களும் அதன் பின்னர் படிப்படியாக எழுந்தன. இன்று காண்பவர்களுக்குக் குளமும் தீவுகளும் நானூறு ஆண்டுகளாக அப்படியே இருப்பது போலத் தோன்றும். ஆனால் மரங்களுள் பெரும்பாலானவை புதியவை. அவ்வாறெனில் இது சோகோ அமைத்த தோட்டம்தானா?

அல்ல என்று சொல்வோமானால் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. 1945-இல் அழிந்த தோட்டமும் சோகோ விட்டுச் சென்ற அதே தோட்டமன்று. 1758-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அது பாழடைந்தது. 1780-களில் அசானோ ஷிகேஅகிரா என்ற பிரபு கியோட்டோவிலிருந்து தோட்டக் கலைஞரை வரவழைத்து அதைப் புதுப்பித்தார். குளத்தின் நடுவிலுள்ள வளைந்த கற்பாலம் அக்காலத்தைச் சேர்ந்தது. அணுகுண்டையும் தாங்கி இன்றும் நிற்பது அந்தப் பாலமே. அதாவது, ‘பழைய தோட்டத்தின்’ எஞ்சிய சின்னமே முந்தைய சீரமைப்பில் வந்ததுதான்!

மிலிந்த மன்னருக்கு நாகசேன முனிவர் கூறிய தீபத்தின் உவமை இங்கே நினைவுக்கு வரும். முன்னிரவில் எரிந்த சுடரும் பின்னிரவில் எரியும் சுடரும் ஒன்றே என்றும் கூற முடியாது. வேறு என்றும் கூற முடியாது. தொடர்ச்சி ஒன்றே அவற்றை இணைக்கிறது.

சுடருக்கு அந்தத் தொடர்ச்சியை எண்ணெய் தருகிறது. தோட்டத்திற்கு அதைத் தருவது எது? மனிதரின் பராமரிப்பு. ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தடைப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் மீண்டும் தொடங்கியது. கடைசியாக 2013-இல் நிறைவேறியது. ஆலயத்தின் மரம் புதியது; அதைச் செதுக்கும் முறை பழையது. தோட்டத்திலும் அப்படித்தான். இலை உதிர்கிறது, கிளை வளர்கிறது, பாசி படர்கிறது. கத்தரிப்பவரும் பெருக்குபவரும் ஓராண்டு ஓய்ந்தால், எந்தக் குண்டும் விழாமலே தோட்டம் காடாகிவிடும். ஆகவே சீரமைப்பு என்பது பேரழிவுக்குப் பின் ஒருமுறை செய்யும் வேலையன்று, நாள்தோறும் நடப்பது. பேரழிவு அதை வெளிப்படையாக்குகிறது, அவ்வளவே.

தழும்பை மறைக்காத அழகு

இங்கே இன்னும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பேர் இறந்த மண்ணில் அழகிய தோட்டம் அமைப்பது அவர்களை மறப்பதாகாதா?

இக்கேள்விக்கு ஒரு நிகழ்ச்சி கூர்மை சேர்த்தது. 1987-ஆம் ஆண்டு தோட்டத்திற்குள் அகழ்ந்தபோது, 1945-இல் புதைக்கப்பட்ட 64 பேரின் எலும்புகள் கிடைத்தன. தோட்டம் திறக்கப்பட்டு 36 ஆண்டுகள் மக்கள் உலவிய மண்ணின் அடியில் அவர்கள் இருந்தனர்.

இறந்தவர்களுக்கு அங்கே நினைவுக்கல் நிற்கிறது. குண்டுக்குத் தப்பிய கிங்கோ மரம் ஒன்று சாய்ந்த நிலையிலேயே தழைத்து நிற்கிறது; அத்தகைய மரங்களை அடையாளம் காட்டும் பலகை அதற்கும் உண்டு. சாய்ந்த மரத்தை அகற்றிவிட்டு நேரான மரம் ஒன்றை நட்டிருந்தால் காட்சி ஒழுங்காக இருந்திருக்கும்; உண்மை குறைந்திருக்கும்.

தானிமோட்டோ செய்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். படகு இறந்தவர்கள் நடுவே இருந்தது என்பதற்காக அவர் அதை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் இன்னும் பலர் இறந்திருப்பர். இறந்தவர்கள் அங்கே இல்லை என்பது போல எடுத்துக்கொள்ளவுமில்லை. மன்னிப்பு வேண்டினார், எடுத்தார், உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படுத்தினார். சீரமைப்பு அனைத்திற்கும் உரிய தர்மம் இதுவே. நேற்றையதை மதித்து, இன்றைய உயிர்களுக்காக அதை எடுத்தாள வேண்டும்.

நமக்குரிய பாடம்

நம் வாழ்விலும் தோட்டங்கள் எரிகின்றன. அன்புக்குரியவர் மறைகிறார், பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப் போகிறது. அப்போது இரண்டு தவறான வழிகள் நம்மை அழைக்கும். ஒன்று, சாம்பலின் அருகே அமர்ந்து எழ மறுப்பது. மற்றொன்று, எதுவும் நடக்காதது போல மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவது.

ஷுக்கேயென் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. எஞ்சி நிற்கும் கற்பாலம் எது என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். சாய்ந்த மரத்தை வெட்ட வேண்டாம். இழந்ததற்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, கையிலுள்ள மூங்கிற்கழியை ஊன்றுங்கள். பிறகு நாள்தோறும் பெருக்குங்கள்.

சிந்தனைக்கு

1. மாறாத வடிவம், இடையறாத பராமரிப்பு – ஒரு பொருளை ‘அதே பொருள்’ ஆக்குவதில் இவற்றின் பங்கு என்ன?
2. உங்கள் வாழ்வில் ஓர் இழப்புக்குப் பின்னும் நிலைத்து நின்ற ‘கற்பாலம்’ எது?
3. நாள்தோறும் ‘பெருக்க’ வேண்டிய எந்தக் கடமையை, ஒருமுறை செய்தால் போதும் என்று நீங்கள் விட்டு வைத்திருக்கிறீர்கள்?