தாளாளர் நல்லவர்தான், ஆனாலும் எழுதிக் கேளுங்கள்

கருமத்தம்பட்டிப் பக்கம் தனியார் பள்ளி ஆசிரியரா? "நம்ம குடும்பம் மாதிரிங்க டீச்சர், பாத்துக்கலாம்" என்று வாய்வார்த்தையில் நடத்தும் தாளாளரிடம்தான் உரிமைகள் அதிகம் நழுவுகின்றன. கேட்கவே நமக்குக் கூச்சம். விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நிர்வாகத்தில் இந்தச் சங்கடமில்லை.

முக்கியமாக, கிராஜுவிட்டி. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. 5 ஆண்டு முடித்து விலகினால், கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்குங்கள், அது ஓராண்டுக்கு. 13,000 ரூபாய் வாங்கியவருக்கு 8 ஆண்டுக்கு 60,000. விட்டுவிடாதீர்கள்!

பி.எஃப். ஏறுகிறதா என்று உமங் செயலியில் பாருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு நகல்கள் வீட்டில் இருக்கட்டும். கோரிக்கையை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.