பழைய மோட்டார் வண்டியின் சுக்கான் பெட்டி

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஒஸ்ரின் சோமசெற், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகள் இன்றும் ஓடுதலைக் காண்கின்றோம். இவற்றுட் பல 1950ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டவை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடையினால் வண்டி இறக்குமதி ஒடுக்கப்பட்டதும், இருந்தவற்றையே பேணி ஓட்டும் வழக்கம் வேரூன்றிற்று. 1990ஆம் ஆண்டு தொடங்கி எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் இவை மண்ணெண்ணெயை உண்டும் உயிர் தரித்தன. அக்காலத்தில் இயந்திரத்தைப் பலமுறை பிரித்துப் பூட்டிய உரிமையாளர் பலர், வண்டியைத் திருப்பும் பெட்டியைத் திறந்து பார்த்ததேயில்லை. இயந்திரம் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். சுக்கான் பெட்டி பழுதுற்றாலோ வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். அபாயம் அங்கேதான் உளது.

சுக்கான் என்பது அரபுமொழியிலிருந்து கடலோடிகள் வாயிலாகத் தமிழுக்கு வந்த சொல். கப்பலின் பின்புறத்தே நின்ற அச்சொல் கரையேறி மோட்டார் வண்டியின் முன்புறத்தே குடிபுகுந்தது. கராஜ்களில் ‘ஸ்ரியறிங் பொக்ஸ்’ என்பர். எப்பெயராற் சுட்டினும் பொருள் ஒன்றே.

ஒஸ்ரின் வண்டியின் பெட்டியினுள் இருப்பன சிலவே. சுக்கான் தண்டின் அடிமுனையில், திருகாணியின் புரி போன்று சுற்றிச் செல்லும் பள்ளம் வெட்டிய உருளை ஒன்றுண்டு. அப்பள்ளத்தில் ஒரு முளை பொருந்தி நிற்கும். தண்டு சுழலும்போது முளை பள்ளத்தின் வழியே ஊர்ந்து, தான் பொருத்தப்பட்ட குறுக்குத் தண்டைத் திருப்பும். அதன் முனையிலுள்ள ‘டிறொப் ஆம்’ எனும் கை அசைந்து, கோல்களின் வழியாகச் சில்லுகளைத் திருப்பும். விஞ்ஞான வகுப்பு மாணவர் திருகையும் நெம்பையும் வெவ்வேறு அதிகாரங்களிற் படிக்கின்றனர். ஈண்டு அவ்விரண்டும் ஒரே பெட்டியிற் கூடிப் பொறிமுறை நயம் தருதலைக் காணலாம்.

வண்டி தன் ஆயுளின் பெரும்பகுதியை நேராக ஓடியே கழிக்கின்றது. ஆதலின் பள்ளத்தின் நடுப்பகுதியே முதலில் தேயும். தேய்ந்தபின் சுக்கானைச் சிறிது திருப்பினும் சில்லு அசையாது. இந்தத் தொய்வை ‘ஓர் அங்குலந்தானே’ என்று பொறுத்துக்கொள்வோர் உளர். அவ்வோரங்குலம் யாது செய்யும் எனக் கணித்துப் பார்ப்போம். 16 அங்குல விட்டமுள்ள சுக்கானின் விளிம்பில் 1 அங்குலம் ஏறக்குறைய 7 பாகையாகும். சுக்கான் 14 பாகை திரும்ப முன்சில்லு 1 பாகை திரும்பும் எனக் கொண்டால், அத்தொய்வு சில்லில் அரைப் பாகை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 8¼ அடியாயின், அரைப் பாகை திரும்பிய வண்டி 950 அடி ஆரையுள்ள வட்டத்திற் செல்லும். மணிக்கு 40 மைல் வேகத்தில் அது ஒரு செக்கனில் 59 அடி ஓடும். அதற்குள் நேர்க்கோட்டிலிருந்து ஏறக்குறைய 2 அடி விலகிவிடும். சாரதியின் கை அசையவில்லை. இருமருங்கும் கடல் கிடக்கும் பண்ணைத் தாம்போதியில் எதிரே பேருந்து வரும்போது இவ்விரண்டடியின் பெறுமதியை வாசகரே உய்த்துணர்க.

தொய்வு முழுவதையும் பெட்டியின் மேற் சுமத்துதலும் முறையன்று. அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரிடம் இதுபற்றி வினவியபோது, “மாஸ்ரர், பெட்டியைக் கழட்ட முதல் அதுக்குக் கீழை இருக்கிறதுகளைப் பாருங்கோ” என்றார். ஒருவர் சுக்கானை இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றொருவர் வண்டியின் கீழிருந்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். போல் ஜொயின்ற், கிங் பின், எதிர்ப்புறத்து ஐட்லர், சில்லின் போல் பெயரிங் ஆகியவற்றுள் எது தளர்ந்ததென்பது அப்போதே புலனாகும். பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணிகள் தளர்ந்திருத்தலும் உண்டு. ரயர்களின் காற்றையும் அளக்க.

குறை பெட்டியில்தான் எனத் தெளிந்தபின் முதலிற் செய்யத்தக்கது சரிக்கட்டல். தண்டு மேலும் கீழும் அசையுமாயின் அடிமூடியின் கீழுள்ள மெல்லிய தகடுகளுள் ஒன்றிரண்டை அகற்றுவர். முளையை நெருக்குதற்கு மேலே ஒரு திருகாணியுண்டு. அதனைச் சில்லுகள் நேராக நிற்கும் நிலையில் மாத்திரமே முடுக்குதல் வேண்டும். ஒருபுறம் திருப்பிவைத்து முடுக்கினால் நடுவில் இறுகிவிடும். நடுவிற் சரியாக முடுக்கியபின் சுக்கான் இருகோடியிலும் இறுகுமாயின் பள்ளம் மிகத் தேய்ந்துவிட்டதென்க. அதற்கு மேல் எந்த முடுக்கலும் உதவாது. பெட்டியையே மாற்றுதல் வேண்டும்.

நம்மூரில் நிலவும் ஒரு பிழையான வழக்கத்தையும் கண்டிக்கவே வேண்டும். எண்ணெய் ஒழுகுகிறதென்று சிலர் பெட்டி நிறையக் கிறீஸை அடைத்துவிடுகின்றனர். முளை ஒருமுறை ஒதுக்கிய கிறீஸ் மீண்டும் பள்ளத்திற்கு வாராது. உலோகம் உலோகத்தை உரசும். ஒழுக்கைத் தடுக்க ஒரு புதிய எண்ணெய் அடைப்பு வளையம் போதும். அப்பெட்டிக்கு உரியது 90 ஆம் எண் கியர் எண்ணெயே.

மாற்றும்போது டிறொப் ஆமைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுதல் ஆகாது. அந்த அடி உள்ளேயிருக்கும் முளைக்கும் பள்ளத்துக்கும் போய்ச் சேரும். இழுவைக் கருவி கொண்டே கழற்றுக. கழற்றுமுன் கையும் தண்டும் பொருந்திய இடத்தில் அடையாளமிடுக. புதுப் பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுழற்றிச் சுற்றுக்களை எண்ணி, அவற்றிற் பாதியில் நிறுத்தி, சில்லுகள் நேராக நிற்கையில் பூட்டுதல் வேண்டும். தண்டையோ டிறொப் ஆமையோ ஒட்டுவேலை செய்து பொருத்துவாரிடம் வண்டியை விடாதீர்கள்.

பெட்டியை மாற்றுவதோடமையாது, அதனினும் மேலானதொன்றைப் பூட்ட விழைவோரும் உளர். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோதே அலெக் இசிகோனிஸ் அதற்குப் பற்சட்டமும் சிறு பற்சில்லும் கொண்ட அமைப்பை வகுத்தார். அதன் நேர்த்தியைக் கண்டோர், வேறொரு வண்டியின் பற்சட்டத்தைக் கழற்றி ஒஸ்ரினுக்குப் பூட்ட எண்ணுவது இயல்பே. ஆயினும் பற்சட்டத்தின் நீளமும் உயரமும் முன் தொங்கற் கைகளின் அசைவோடு இசையாவிடின், குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு தடவையும் சில்லு தானே திரும்பும். தேய்ந்த பெட்டியிலும் இது கொடிது. அளந்து வரையத்தக்க பொறியியலாளர் துணையின்றி இதில் இறங்குதல் தகாதென்பது எனது துணிபு.

முதியோர்க்குக் கையிளைப்பு நீங்க, சுக்கான் தண்டிலே மின்மோட்டரைப் பொருத்தும் முறை இப்போது வழங்குகின்றது. நன்றே. ஆனால் ஒஸ்ரினின் பழைய டைனமோ ஏறக்குறைய 20 அம்பியர் மாத்திரமே தரும்; மின்மோட்டர் வண்டி நிற்கையிற் சுக்கானைத் திருப்பும்போது அதனினும் மிகுதியாக வேண்டும். அன்றியும் அவ்வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். புதிய கருவிக்கு எதிர்முனை இணைந்திருத்தல் வேண்டும். எனவே ஓல்ரனேற்றரும் கம்பி மாற்றமும் செலவிற் சேரும். தேய்ந்த பெட்டியோடு இதனைப் பூட்டுவோர் நோயை மறைத்து வலியை மட்டும் நீக்குபவராவர்.

செலவு செய்ய இயலுமாயின் முதன்மை பெறத்தக்கது வேறொன்று. பழைய வண்டிகளிற் சுக்கான் தண்டு பெட்டி முதல் சாரதியின் மார்புவரை ஒரே இரும்பு. முன்புறம் மோதினால் அது ஈட்டிபோற் பின்னே பாயும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு தொடக்கம் புதுக் கார்களுக்கு இது சட்டத்தால் தடுக்கப்பட்டது. மோதலில் மடங்கும் தண்டு அவ்வாறு பரவிற்று. பெட்டியை மாற்றும்போதே இடையில் மூட்டுள்ள, மடங்கும் தண்டொன்றைத் தகுதியுடையாரைக் கொண்டு அமைத்துக்கொள்வது சாலச் சிறந்தது.

பூட்டியபின் முன்சில்லுகளின் ஒருங்கமைவைச் சரிபார்த்து, வெறும் வீதியில் மெதுவாக ஓட்டுக. முதல் 500 மைலில் பெட்டியின் ஆணிகளை மீண்டும் ஒருமுறை முடுக்கி, எண்ணெய் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும்.